ரம்யாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

வந்திருந்தவர்கள்: கோனர், கோனரின் அம்மா, வீட்டுப் பொறுப்பாளர் ஓர்லா, ஒரு சமூகப் பணியாளர், நான். வராதவர்: கோனரின் அப்பா. வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் வீட்டில் எந்தக் கூட்டம் நடந்தாலும் குறிப்புத்தாளின் தலையில் இப்படித்தான் எழுத வேண்டும். கோனருக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம் உள்ளவன், பேசமாட்டான். அவனைப் போல இன்னும் மூன்று பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். சமைக்க, குளிக்க, கடைக்குப் போக அவர்களுக்குத் துணையாக இருப்பது எங்கள் வேலை. கூட்டம் கோனரைப் பற்றியது. அதற்கு அவனையே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, அவன் பெயரையே முதலில் எழுதச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால், 'வெளிய போய் வெளையாடு' என்று முதலில் அந்தப் பிள்ளையைத்தான் அனுப்புவோம். கோனர் பாதியில் இரண்டு முறை எழுந்து போனான். இரண்டு முறையும் அவன் திரும்பி வரும்வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

பிறகு ஓர்லா, கோனரின் அம்மாவிடம் கேட்டார்: "அவனுடைய மிக மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்." அந்த அம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, மழை வரும் வராது என்பதைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். சுவரில் முட்டிக்கொள்வது, கதவை உடைத்தது, ஒருமுறை காரிலிருந்து இறங்கி ஓடியது. சொல்லும்போது மகனைப் பார்த்து, "இல்லையா கோனர்?" என்று கேட்டுக்கொண்டார். சமூகப் பணியாளர் எல்லாவற்றையும் எழுதினார். அந்த மோசமான நாளை வைத்துத்தான் அவனுக்கு எத்தனை மணி நேரம் ஆள் துணை, என்னென்ன உதவி என்று முடிவு செய்வார்கள் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. குறிப்பு எடுக்க வேண்டியவன் நான். என் பேனா நின்றுவிட்டது. இதே மாதிரி கேள்விகளுக்கு என் தங்கைக்கு வேறு மாதிரி பதில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளத்தை ஒட்டியது. அப்பாவும் அம்மாவும் அளத்தில் கூலி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் ரம்யா. அவளும் ஐந்தாம் வகுப்புவரை போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சுண்ணாம்புக்கட்டித் துண்டுகளை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருப்பாள். டீச்சர் தொந்தரவு செய்யவில்லை, சொல்லியும் கொடுக்கவில்லை. அதன்பிறகு அம்மாவோடு அளத்துக்கு வந்துவிட்டாள். ஊரில் அவளை 'ஒரு மாதிரி' என்பார்கள், அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்து பாத்தியைத் தயார் செய்யும்போது, தரை இறுகுவதற்காக வரிசையாக நின்று நாள் கணக்கில் களிமண்ணை மிதிக்க வேண்டும். பெரிய ஆட்களே ஒரு மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ரம்யா ஒரே அளவில் கால் வைத்து மத்தியானம்வரை மிதிப்பாள். "ஏம்பா, அந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கோங்கப்பா. பேச்சும் கெடையாது, பீடியும் கெடையாது" என்பார் மேஸ்திரி. ஆனால் உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரைக் கிளப்பிவிட்டால் அவள் அவளாக இருக்க மாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், வரப்பு மேல் ஓடுவாள்.

நான் புதுச்சேரியில் நர்சிங் படித்தேன். "ஆம்பள நர்சா? ஊசி போடுவியா, ஜடை போடுவியா?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாம் வருஷம் மனநலப் பாடத்தில் ஆட்டிசம் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். லீவில் வீட்டுக்கு வந்தபோது ரம்யா வாசலில் கிளிஞ்சல்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை நகர்த்தி வைத்தேன். என்னைப் பார்க்காமலே அதைப் பழைய இடத்தில் திருப்பி வைத்தாள். நான் எழுதிய விடைத்தாள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பதினைந்து வருஷம் ஒரே பாயில் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

விசாரித்தேன். மருத்துவர் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் அடையாள அட்டை கிடைக்கும், மாதாமாதம் உதவித்தொகை வரும், கோட்டக்குப்பம் பக்கத்தில் இருக்கும் ஒரு பகல் நேர மையத்தில் சேர்க்கலாம், வேன் வந்து கூட்டிப்போகும் என்றார்கள். சான்றிதழ் தரும் மருத்துவ முகாமின் தேதி தெரிந்தது. இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளைத் தேர்வுக்குத் தயார் செய்தேன்.

எனக்கு வேறு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறது என்றால் அது பரிட்சையில் தேறித்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால், டாண் டாண் என்று பதில் சொல்ல வேண்டும். உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை, இது எத்தனை ரூபாய் நோட்டு. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஓர் ஆரஞ்சு மிட்டாய். டாக்டர் முகத்தைப் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டாள் என்பதால், நெற்றிப் பொட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். இருபதாம் நாள் அவள் ஒரு பதிலும் தவறாமல் சொன்னாள். அம்மா அவளுக்குத் தலை பின்னி, மல்லிகை வைத்து, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுவிட்டார்.

முகாம் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா அன்பானவர். என்ன அதிர்ஷ்டமோ, நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே பாதிக் கேள்விகள் வந்தன. ரம்யா நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "வீட்டுல எப்படிம்மா?" என்று கேட்டபோது அம்மா, "தங்கமான புள்ளைங்க. துணி தொவைப்பா, பாத்திரம் வெளக்குவா, யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா" என்றார். "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

குறைபாடு முப்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"நாப்பதுக்குக் கீழங்க. பென்ஷனுக்கு வராது, சென்டர்லயும் எடுக்க மாட்டாங்க" என்றார் கிளார்க். அப்பாவுக்கு அது ஏறவில்லை. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "முப்பதுதானா? நம்ம புள்ளைக்கு அவ்ளோ ஒண்ணும் இல்லன்றாங்க, அப்படித்தானே?" என்றவர் சற்று யோசித்துவிட்டு, "ஏன்டா, பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுதானே? அஞ்சு மார்க்குல போச்சா?" என்று கேட்டார். இந்தப் பரிட்சையில் தோற்றால்தான் கிடைக்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ரம்யா உடைந்துபோனாள். காலையிலிருந்து பொறுத்துக்கொண்டதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஜன்னல் கம்பியில் தலையை மோதினாள், மல்லிகையைப் பிய்த்து எறிந்தாள். ஒருவர், "புள்ளைய எறக்கிடுங்க, மத்தவங்க வர வேணாமா?" என்றார். மீதித் தூரம் ஈசிஆர் சாலை ஓரமாகவே நடந்து வந்தோம். எங்களைப் பார்க்க அங்கே எந்த டாக்டரம்மாவும் இல்லை.

அதற்குப் பிறகு சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, ஆங்கிலத் தேர்வு, ஏஜென்ட், அயர்லாந்து. இங்கே வந்தும் நான் மாறவில்லை. ஷிப்ட் முடியும்போது யார் எப்படி இருந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். முதல் பதினோரு நாளும் 'கோனர் இன்று சமர்த்தாக இருந்தான்' என்றே எழுதினேன். ஓர்லா என்னைத் தனியே கூப்பிட்டு, நான் எதையாவது மறைக்கிறேனா என்று கேட்டார். நான் பதறிப்போய், அவன் நல்லவன், அவன்மீது எந்தத் தப்பும் இல்லை என்றேன். அவன்மீது தப்பு இருப்பதாக யார் சொன்னது என்று அவருக்குக் குழப்பம். செவ்வாய்க்கிழமை அவன் தட்டை வீசியதை ஏன் எழுதவில்லை என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாமே என்று நினைத்தேன் என்றேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மற்றவர் என்ன சொல்கிறார் என்று புரியாமலே பேசி முடித்தோம். அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு விளங்கியது, கோனரின் அம்மா மோசமான நாளைச் சொன்ன அந்தக் கூட்டத்தில்தான்.

அன்று சாயங்காலம் அடுத்த முகாமுக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். அவசரமும் இருந்தது. வருஷக் கணக்கில் வெயிலில் பளீரென்று அடிக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பத்துப் பாத்திக்கு அப்பால் ரம்யா நிற்கிறாளா, நடக்கிறாளா என்று தெரியவில்லை என்றார். போன மாதம் மோட்டார் சத்தத்துக்கு ஓடியவள் நேராக ஈசிஆருக்குப் போய் நடுரோட்டில் நின்றிருக்கிறாள். ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கி, கையைப் பிடித்து ஓரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தடவையும் அப்படி ஒருவர் வருவார் என்று யாரால் சொல்ல முடியும்?

"இந்தத் தடவ அவ கத்தறப்ப போன்ல வீடியோ எடுத்து வைம்மா. டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றேன்.

அதற்கு அம்மா, "எம் பொண்ணு அழுவுறத படம் புடிச்சி ஊரான்கிட்டக் காட்டணுமா? நீ படிச்ச படிப்பு இதானாடா?" என்றார்.

"இங்க உள்ள அம்மாங்கல்லாம் சொல்றாங்கம்மா. வெக்கப்படுறதே இல்ல."

"அவங்க பொண்ண அவங்க சொல்லட்டும். எம் பொண்ண நான் பாத்துப்பேன்."

"ஒனக்குக் கண்ணு தெரியல. எப்படிம்மா பாத்துப்ப?"

சொல்லியிருக்கக் கூடாது. போனை வைத்துவிட்டார். இரண்டு வாரம் என் அழைப்பை அப்பாதான் எடுத்தார்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு பார்சல் அனுப்பினேன். இங்கே கடைகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து வைக்கிறார்கள். சத்தம் தாங்காதவர்கள் அந்த நேரத்தில் வருவார்கள். மற்ற நேரங்களில் கோனர் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றைப் போட்டுக்கொள்வான். பாட்டு எதுவும் வராது, சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதே போல ஒன்று வாங்கி அனுப்பினேன். ரம்யா அதை முதல் நாள் கிளிஞ்சல் வரிசையின் கடைசியில் வைத்தாள், இரண்டாம் நாள் தலையில் வைத்தாள், மூன்றாம் நாளிலிருந்து கழற்றவில்லை. "இன்னா ரம்யா, பிளேன் ஓட்டப் போறியா?" என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். "இல்ல. உப்பு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். மோட்டார் ஓடும்போதே அவள் உப்பு வாருவதை அப்பா வீடியோ எடுத்து அனுப்பினார். இருபது வருஷமாக இது ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களிடம் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

அந்த வீடியோ வந்த மறுநாள் அம்மா தானே போன் செய்தார். "வீடியோல்லாம் எடுக்க மாட்டேன். கூட்டிக்கினு போறேன். வேற இன்னா பண்ணணும், சொல்லு" என்றார். பூ வைக்க வேண்டாம், புதுத் துணி வேண்டாம், அளத்துக்குப் போவதுபோலவே மூவரும் போங்கள், எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றேன். முகாம் அன்றைக்கு உள்ளே போன் கூடாது என்று வாங்கி வைத்துவிட்டார்கள். நான் கோனருக்குக் காலைச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது.

"மொதல்ல ஒங்கம்மா பழைய பாட்டுதான் பாடுச்சு. தங்கமான புள்ள, துணி தொவைப்பான்னு. நான் தலையில அடிச்சிக்கினேன். ரம்யா அதுக்கு மேல. காலையில இன்னா சாப்ட்டன்னு அந்த டாக்டரம்மா கேக்குது, இவ எம்பேரு ரம்யான்றா. எதுல வந்தீங்கன்னு கேட்டா எங்கப்பா பேரு ஏழுமலைன்றா. சொல்லிட்டு சொல்லிட்டு கைய வேற நீட்டறா."

"கைய எதுக்குப்பா?"

"முட்டாயிக்குடா."

நான் சொல்லிக்கொடுத்த பதில்கள், அதே வரிசையில், மூன்று வருஷத்துக்கு அப்புறமும். கேள்விதான் வேறு.

"அப்புறம் அந்தம்மா கேட்டுச்சு, ரொம்ப முடியாமப் போனா இவ இன்னா பண்ணுவான்னு. ஒங்கம்மா சட்டக் கைய மடிச்சி மேல ஏத்துச்சுடா."

உப்பளத்தில் பெண்கள் வெயிலுக்காகப் புடவைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா போட்டிருந்தது நான் காலேஜுக்குப் போட்ட நீலக் கோடு போட்ட சட்டை. இரண்டு கையிலும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, பல் பதிந்த தழும்புகள்.

"ஒண்ணு ரெண்டு எனக்குத் தெரியும். இவ்ளோன்னு தெரியாது. வூட்லயும் அந்தச் சட்டைய கழட்டாது, பழக்கம்னு இருந்துட்டேன். ஒங்கம்மா சொல்லுது, அவ தன் கையத்தாங்க கடிச்சிக்கப் போவா, ரத்தம் வந்துடும், அதுக்குள்ள நான் என் கையக் குடுத்துடுவேன்னு. அந்த டாக்டரம்மா எழுதறத நிறுத்திட்டு, ஒங்கம்மா கையப் புடிச்சிக்கினு ஒண்ணொண்ணா எண்ணுச்சுடா."

அறுபத்தைந்து சதவீதம் எழுதியிருந்தார்கள். "இந்தத் தடவ பாஸ்தானே?" என்று கேட்டார் அப்பா. பாஸ்தாம்பா என்றேன். என் முகத்தைப் பார்த்து ஓர்லா என்ன விஷயம் என்றார். தங்கைக்கு அறுபத்தைந்து சதவீதம் வந்திருக்கிறது என்றேன். பிரமாதம், எந்தப் பாடத்தில் என்று கேட்டார். நான் திருத்தவில்லை.

ரம்யா இப்போது வேனில் போகிறாள். அங்கே படம் போட்ட அட்டைகளை வைத்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கப் பழக்குகிறார்களாம். முதல் வாரம் எல்லா அட்டைகளையும் அளவுவாரியாக அடுக்கியிருக்கிறாள். என் தங்கையைப் பற்றி இங்கே யாராவது கேட்டால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் யாராவது போனில் கேட்டால் "நல்லா இருக்கா" என்று தமிழில் முடித்துக்கொள்கிறேன். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான் என்பது சில நாள் எனக்கே வினோதமாக இருக்கிறது.

போன வாரம் இந்த வீட்டில் தீ அபாய மணியைச் சோதித்தார்கள். அந்த நேரம் பார்த்து கோனரின் ஹெட்போன் மாடியில் இருந்தது. அவன் தன் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். அப்போது கடிக்கவென்று கொடுத்திருக்கும் கெட்டித் தலையணை எனக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. நான் என் கையைக் கொடுத்தேன். காயத்துக்கு மருந்து போட்டு, ஊசி போட்டு, அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். மனசு சரியில்லை என்றால் பேச ஆள் இருக்கிறது என்றார்கள். மூன்று பக்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். அதில் மனித உடம்பின் கோட்டோவியம் இருந்தது, காயம் பட்ட இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். வலது கையில் ஒரு குறி போட்டேன். 'எண்ணிக்கை' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். 'இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?' என்ற கேள்வியை விட்டுவிட்டேன். "தலையணை பக்கத்தில்தானே இருந்தது, ஏன் கையைக் கொடுத்தாய்?" என்று ஓர்லா கேட்டார்.

நிரப்பாத படிவம் ஒன்றை அறைக்கு எடுத்து வந்தேன். பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். அப்பாவிடம் போனில் கேட்டுக் கேட்டு, அந்தக் கோட்டோவியத்தின் கைகளில் ஒவ்வொன்றாகக் குறி போட்டேன். வலது கையில் பதினொன்று. இடது கையில் ஆறு. எண்ணிக்கை: பதினேழு.